ஒரே 'கொ', இரண்டு 'கொ'
(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

அச்சிட்ட நூலில் ஒரு சொல்லைத் தேடவேண்டுமானால் ஏடு ஏடாகப் புரட்டவேண்டும். கணிப்பொறியிலோ இமைப்பொழுது போதும்! 1970-களிலேயே கென் தாம்சன் என்ற அறிஞர் 'கிரெப்' என்னும் தேடும் கருவியைப் படைத்துவிட்டார். 'எட்' என்ற பழைய டெக்ஸ்ட் எடிட்டரின் ஒரு கட்டளையிலிருந்து பிறந்த பெயர் அது. பின்னர் வந்த எடிட்டர்கள், நாம் தட்டத் தட்டவே தேடிக் காட்டவும் கற்றுக்கொண்டன. ஆனால் நண்பர்களே, இவை நம் தமிழை எப்படித் தேடுகின்றன என்று பார்த்திருக்கிறீர்களா?

என் அன்னையின் பெயர் 'கொ' என்று தொடங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர். சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னுடன் வந்தார். அங்கிருந்தவர் பெயரைத் தட்டித் தேடிவிட்டு, "இல்லையே தம்பி" என்றார். நான் கெஞ்சிக் கேட்டு, பட்டியலை வரி வரியாக நகர்த்தச் சொன்னேன். ஆறாம் பக்கத்தில் பெயர் இருந்தது. "நான் இருக்கேனா ராசா?" என்று அம்மா இருமுறை கேட்டார்.

கண்ணுக்குத் தெரிவது கணிப்பொறிக்கு ஏன் தெரியவில்லை? யூனிகோடு முறையில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுடன் 'ொ' என்னும் ஒரே குறியைச் சேர்ப்பது ஒன்று. கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை நுழைந்துவிடுவதுண்டு. திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான் மொழியில் எண்ணிப் பார்த்தேன். ஒன்றின் நீளம் 2, மற்றதன் நீளம் 3! இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே கூறுகிறது. ஆயினும் எண்களை மட்டும் ஒப்பிடும் எடிட்டர் "இல்லை" என்று கைவிரிக்கிறது.

ஆங்கிலத்தில் பெரிய 'ஏ'யும் சிறிய 'ஏ'யும் வடிவிலேயே வேறு. அவற்றை ஒன்றாகக் கொள்ள எடிட்டரில் தனிக் கட்டமே உண்டு. வடிவில் ஒன்றான நம் 'கொ'வுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லையாம்!

'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' வராது. 'மர' என்று சுருக்கினாலோ 'மரபு'ம் 'மரண'மும் சேர்ந்து வரும். அது இலக்கணச் சிக்கல். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் துணையின்றி அதில் இறங்க எனக்குத் துணிவில்லை.

'கொ'வுக்கு மருந்து எளிது. தேடுமுன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்கு மாற்றினால் போதும். பைத்தானில் 'நார்மலைஸ்' என்ற கட்டளை அதைச் செய்கிறது. அதை வைத்துச் சிறு தேடுநிரல் ஒன்றை எழுதிவருகிறேன். 'கொ', 'கோ', 'கௌ' மூன்றும் அகப்பட்டுவிட்டன. ஆனால் ஔவையார்தான் வழிக்கு வரவில்லை. பலர் 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். அவை யூனிகோடு விதிப்படியும் வேறு வேறு எழுத்துகள். இரண்டையும் ஒன்றாக்கினால் 'ஒளி'யைத் தேடுவோர் என்ன பாடுபடுவார்களோ! அதனால் இதற்கு மட்டும், விரும்பினால் குறியிட்டுக்கொள்ளும் தனிக் கட்டம் ஒன்றை வைத்துப் பார்க்கிறேன்.