கேபிள் முனையில் ஈயம்

உற்பத்தி நின்றுபோன பழைய இருசக்கர வாகனத்தை விடாமல் ஓட்டும் என் போன்றோர், கிளட்ச், பிரேக் கேபிள்களை வீட்டிலேயே செய்துகொள்ள நேர்கிறது. கம்பி, உறை, பித்தளை நிப்பிள் யாவும் விலைக்குக் கிடைக்கும். முனையில் ஈயம் வைப்பதே வேலை.

கம்பியை நிப்பிளுக்குள் நேராக நுழைத்து ஈயத்தை உருக்கிவிட்டால் பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் இழுவை முழுவதையும் ஈயத்தின் பிடி மட்டுமே தாங்கும். ஒருநாள் உருவிக்கொண்டு வந்துவிடும். நிப்பிளின் குழிந்த வாயில் இழைகளைப் பூப்போல விரித்த பிறகே ஈயத்தால் நிரப்ப வேண்டும். அதற்குமுன் கம்பியைப் பெட்ரோலில் கழுவி, நன்கு உலர்த்தி, ஃப்ளக்ஸ் தடவ வேண்டும். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பற்று, ஏறத்தாழ 190 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும்; கம்பி சிவக்கும்வரை சுடுவோர் அதன் வலுவையே போக்கிவிடுகின்றனர். (இரண்டாம் முனையைப் பற்றவைக்குமுன் உறையைக் கோத்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்!)

விரித்த இழைகள் ஈயத்துக்குள் மறைந்துவிடுவதால், வாங்கிச் செல்பவர் அவற்றைச் சோதிக்க இயலாது. பின்னிருக்கையில் அமரும் அவருடைய பிள்ளையின் உயிரோ அந்தப் பிடியில் இருக்கிறது. அது அமானிதம். ஆகவே, பிரேக் கைப்பிடியை முழுபலத்துடன் பலமுறை இழுத்துப் பார்க்காமல் எவரிடமும் வண்டியைக் கொடுப்பதில்லை. நிப்பிளருகே ஓரிழை அறுந்திருந்தாலும், ஈயத்தால் ஒட்டுப்போடாமல் கேபிளையே மாற்றச் சொல்கிறேன்.