"நம்ம தம்பி" என்று சொன்ன அண்ணனுக்கு

கணபதி பாலீஷ் பட்டறை அண்ணனுக்கு,

போன மாதம் உங்களைப் பார்க்க வந்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது. "அண்ணன் பட்டறையக் குடுத்துட்டு ஈரோட்டுப் பக்கம் மக வீட்டுக்குப் போயிட்டாருங்க" என்றார் பக்கத்து லேத்காரர். உங்கள் பழைய எண்ணும் உபயோகத்தில் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். தெரிந்தவர் யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள்.

நான் திருநெல்வேலிக்காரன், போட்டோ எடுப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த நிலைமையில் உங்கள் பட்டறை வாசலுக்கு வந்தேன் என்பதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

2022 மே மாதம் கோவைக்கு வந்தோம். மனைவிக்குப் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் வேலை. அதற்கு முந்திய 11 வருடமும் ஊரில் எனக்கு முகூர்த்த நாளில் ஓய்வே கிடையாது. அக்கா கல்யாணத்துக்கு எடுத்தவனைத்தான் தங்கச்சி கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள். பிறகு வளைகாப்பு, பிள்ளைக்குக் காதுகுத்து என்று அந்த வீட்டிலேயே தொடரும். இந்தப் பழக்கம் கோவையிலும் அப்படியே இருந்தது. இங்கே அந்த வீட்டுப் போட்டோகிராபர் வேறொருவர், அவ்வளவுதான்.

காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினேன். கார்டை வாங்கிக்கொண்டு, "எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வைகாசியில் ஒரு ஸ்டூடியோவுக்காகக் கூடுதல் ஆளாகப் போன முதல் கல்யாணத்திலேயே அதன் நியாயம் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அடுத்து யார் எங்கே நிற்பார்கள் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். இங்கே அருமைக்காரர் வந்து சீர்களைத் தொடங்கியதும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் நின்று செய்யும் இணைச்சீரை நான் தப்பான பக்கத்தில் நின்று எடுத்தேன். அந்தப் பெண்ணின் முகம் ஒரு படத்திலும் விழவில்லை. அந்தக் கல்யாணத்துச் சீர் மறுபடி வராது. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

அந்த ஸ்டூடியோவுக்கு மூன்று கல்யாணம் எடுத்தேன். பணம் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் ஏது? கேமராவுக்கு வாங்கிய கடனுக்கு மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்தது. வீட்டு வாடகையை மனைவி கட்டினாள். ஒரு சொல் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. பெரிய லென்ஸை விற்றுவிடலாம் என்று விலைகூட விசாரித்து வைத்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் டிரைபாட் தலையிலிருந்த கால் இஞ்ச் திருகு முறிந்தது. கணபதிப் பகுதியில் லேத்தில் கடைந்து தருவார்கள் என்றார்கள், வந்தேன். லேத்காரர் காத்திருக்கச் சொன்னதால் உங்கள் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்தேன். நீங்கள் கிரைண்டர் டிரம்மை பஃபிங் சக்கரத்தில் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். முகமெல்லாம் கறுப்பு, கண் மட்டும்தான் தெரிந்தது. சக்கரத்தை நிறுத்திவிட்டு டிரம்மை டியூப்லைட்டுக்குக் கீழே மெல்லத் திருப்பினீர்கள். எவர்சில்வரில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. ஓரிடத்தில் அந்தக் கோடு மயிரிழை நெளிந்தது. அங்கே விரலை வைத்து, "இங்க ஒடுக்கு இருக்குதுங்க தம்பி" என்றீர்கள். தடவிப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வெளிச்சத்தை வைத்தே பிழைக்கிறவன் நான். ஆனால் வெளிச்சத்தை அப்படி யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

என்ன வேலை என்று கேட்டீர்கள், சொன்னேன். "இதையெல்லாம் எடுப்பீங்களா?" என்றீர்கள். எடுப்பேன் என்றேன். அதுவரை ஒரு பாத்திரத்தைக்கூட எடுத்ததில்லை, அண்ணா. அதையும் இப்போதுதான் சொல்கிறேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும் கிரைண்டர் கம்பெனிக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். முதலாளி உங்களைத்தான் கேட்டார், "யாருங்க இது?" என்று. நாம் பார்த்து முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "நம்ம தம்பிதானுங்க. கேட்டலாக் எடுக்கோணும்னீங்கல்ல, நல்லா எடுப்பாப்ல" என்றீர்கள். நான் எடுத்த ஒரு படத்தையும் நீங்கள் பார்த்திருக்கவில்லை. சொதப்பியிருந்தால் நான் வேறு தெருவுக்குப் போயிருப்பேன். நீங்கள் தினமும் அதே வாசலுக்கு டிரம் கொண்டுபோய் இறக்க வேண்டியவர்.

முதல் நாள் சொதப்பத்தான் செய்தேன். எத்தனை ஃபிளாஷ் அடித்தாலும் டிரம்மில் நானும் டிரைபாடும் மேலே சுற்றும் ஃபேனும்தான் தெரிந்தோம். சாயங்காலம் நீங்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பாத்திரத்து மேல லைட் அடிக்காதீங்க தம்பி. பாத்திரம் எதைப் பாக்குதோ, அது மேல அடிங்க."

மறுநாள் துவைத்த வேட்டி நான்கைக் கொண்டுவந்தீர்கள். கயிறு கட்டி டிரம்மைச் சுற்றிக் கூடாரமாகத் தொங்கவிட்டோம். வேட்டிக்கு வெளியிலிருந்து விளக்கு, நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. டிரம் பால்போல வெளுத்தது. பின்னால் இருந்த வெள்ளையோடு ஓரம் கரைந்துவிடாமலிருக்க இரு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்தினேன். உடனே உருண்டை எழுந்து நின்றது. "இப்பத்தானுங்க கிரைண்டராட்டம் இருக்குது" என்றீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய கோவை கிரைண்டருக்கு அதற்குமேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

கேட்டலாக்குக்காக எடுத்த 12 படத்துக்கும் முதலாளி அன்றைக்கே பணம் கொடுத்தார். அவருடைய கணக்குப்பிள்ளைதான் எனக்குச் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு போட்டுக்கொடுத்தார். சிறு தொழில் செய்கிறவனுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்ததையும் அவர்தான் சொன்னார். புதிதாகத் தொழில் தொடங்கும் எல்லாத் தம்பிகளுக்கும் இதை இப்போது நான் சொல்லிவருகிறேன். பிறகு பம்ப்செட் கம்பெனி ஒன்று கூப்பிட்டது, திருப்பூரிலிருந்து பனியன்காரர்கள் வந்தார்கள். எங்கே போனாலும் "அவரு சொன்னாருங்க" என்றுதான் பேச்சு தொடங்கியது. போன தை மாதம் கிரைண்டர் முதலாளி வீட்டுக் கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். இணைச்சீருக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று வீட்டுப் பெரியம்மாவிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டேன். இந்த முறை மாப்பிள்ளையுடைய அக்காவின் முகம் முழுசாக விழுந்தது, அண்ணா.

போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது நான் கொண்டுவந்தது அந்த முதல் டிரம் படம். பெரிய பிரிண்ட், சட்டம் போட்டது. லேத்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். டிரம்மின் வலது ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரியும். உங்கள் வேட்டிக் கரை. கேட்டலாக்குக்கு அதை அழித்துக் கொடுத்தேன். உங்களுக்கான படத்தில் அழிக்கவில்லை.

உங்கள் தம்பி