தூங்கத் தெரிந்த கருவி

ராத்திரி நேரத்தில் ரோட்டோரம் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர் "நான் இங்கே இருக்கேன்" என்று வரும் வண்டிக்கு ரேடியோ மூலம் சொல்லும் சின்னப் பெட்டி. இதுதான் எங்கள் மூன்றாமாண்டு புராஜெக்ட். தலைப்பைக் கேட்டதும் "சூப்பர்டா" என்றார்கள் எல்லோரும். "பேட்டரி எத்தனை நாளுக்கு வரும்?" என்று கேட்டவர் ஒரே ஒருத்தர், எங்க அப்பா. மில்லில் நைட் ஷிப்ட். போக 7 கிலோமீட்டர், வர 7 கிலோமீட்டர், மெயின் ரோட்டில் சைக்கிள். "வாரா வாரம் செல் மாத்தணும்னா நான் மாத்த மாட்டேன்டா, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. கருவி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செல் மாத்த மறந்த கருவி, கருவியே இல்லாததைவிட மோசம். இல்லாதவன் பயந்து ஓரமாகப் போவான். இருக்கிறது என்று நம்புகிறவன் தைரியமாகப் போவான்.

சரி, கணக்குக்கு வருவோம். (மேக்ஸ் அரியர் வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம், வெறும் வகுத்தல்தான்!) கடையில் கிடைக்கும் சி.ஆர்.2032 பட்டன் செல்லில் சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். நாங்கள் எடுத்தது என்.ஆர்.எஃப்.24எல்01 பிளஸ் ரேடியோ சிப். அதன் டேட்டா ஷீட்டைப் பிரித்ததும் ஒரு ஆச்சரியம். பேசுவதற்கு 11.3 மில்லி ஆம்பியர், கேட்பதற்கு 13.5! பேசுகிறவனைவிட சும்மா காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் சாப்பாடு அதிகம். நாள் பூராவும் கேட்டுக்கொண்டே இருந்தால் 16 மணி நேரத்தில் செல் காலி.

அதனால் அப்பாவின் பெட்டி கேட்கவே கேட்காது என்று முடிவு செய்தோம். பேசும், படுத்துவிடும். கேட்கிற வேலை வண்டிக்காரனுக்கு. அவனிடம்தான் 12 வோல்ட் பேட்டரி இருக்கிறதே! இது எங்கள் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட மாட்டேன். 2017-இல் முடிவான 3ஜிபிபி 14-ஆம் வெளியீட்டிலேயே, நடப்பவர் கையிலிருக்கும் போன் முழு நேரமும் அலைவரிசையைக் கவனிக்க வேண்டாம், அவ்வப்போது கவனித்தால் போதும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆட்களுக்கும் இதே தலைவலிதான்.

அடுத்து போர்டு. லேப்பில் எல்லோரும் எடுக்கிற ஆர்டினோ ஊனோ எதுவும் செய்யாமல் இருந்தாலே 40 மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கும். யூ.எஸ்.பி. சிப், ரெகுலேட்டர், "ஆன்ல இருக்கேன்" என்று சும்மா எரியும் எல்.இ.டி. இத்தனைக்கும் பங்கு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அட்மெகா 328பி சிப்பை மட்டும் தனியாக வைத்துத் தூங்க வைத்தோம். மீட்டரில் மில்லி போய் மைக்ரோ வந்தது. அன்றைக்கு என் பார்ட்னர் கேண்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு நாள்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு தடவை எழுந்து, சேதி அனுப்பி, மறுபடி படுக்க 5 மில்லி செகண்ட் ஆகிறது. அந்த நேரத்தில் மொத்தம் 15 மில்லி ஆம்பியர். எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை பேசலாம்? எங்களுக்குள் நிஜமான சண்டை வந்தது இதில்தான். "அஞ்சு செகண்டுக்கு ஒண்ணு போதும்டா, வருஷக்கணக்கா வரும்" என்றான் பார்ட்னர். நான் விடவில்லை. கல்லூரி மைதானத்தில் அளந்தபோது சிக்னல் 60 மீட்டர் வரைதான் நம்பிக்கையாகப் போனது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு செகண்டில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். அந்த 60 மீட்டரைக் கடக்க அதற்கு 4 செகண்ட்கூட வேண்டாம். அஞ்சு செகண்ட் மௌனம் என்றால் லாரி வந்து, ஆளைத் தாண்டி (தாண்டினால்!) போன பிறகு பெட்டி "நான் இங்கே இருக்கேன்" என்று சொல்லும். கடைசியில் அரை செகண்டுக்கு ஒரு தடவை என்று முடிவாயிற்று. இடையில் ஒரு சேதி தொலைந்தாலும் அடுத்தது வந்து சேர்ந்துவிடும்.

அப்படியானால் மிச்சம் பிடிப்பது எங்கே? சைக்கிள் ஸ்டாண்டில். நாளில் 22 மணி நேரம் அது சும்மாதானே நிற்கிறது! ஆட்டினால் ஒட்டும் சின்ன வைப்ரேஷன் சுவிட்ச் ஒன்று வைத்தோம். அது மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால் கரண்ட் கசியும் என்பதால், சிப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டரை விட்டுவிட்டு வெளியே ஒரு மெகா ஓம். தூக்கத்தில் எல்லாம் சேர்ந்து 8 மைக்ரோ ஆம்பியர்தான்.

பிளாக் டயகிராமைப் பார்த்த அப்பா டைனமோவை நினைவுபடுத்தினார். "அந்தக் காலத்துல சைக்கிள் லைட்டு ஓடுறப்ப நல்லா எரியும், ரோட்டைக் கடக்க நின்னா அணைஞ்சு போகும். நிக்கிறப்பதான் நமக்கு வெளிச்சம் வேணும். உங்க பெட்டியும் அப்படித்தானா?" ஹெச்.ஓ.டி. சார்கூடக் கேட்காத கேள்வி! கடைசி அசைவுக்குப் பிறகும் 10 நிமிஷம் பேசிக்கொண்டே இருக்கும்படி புரோகிராம் எழுதினோம். செலவு கொஞ்சம் கூடியது, கூடட்டும். இதற்குப் பிறகும் கணக்குப்படி ஒரு செல் ஒரு வருஷத்துக்கு மேல் வரும். குளிர், பழைய செல், கடைக்காரரின் புண்ணியம் என்று பாதியைக் கழித்தாலும் ஆறு மாசம்.

செல் தீர்ந்ததை எப்படிச் சொல்வது? சும்மா இருக்கும்போது வோல்ட்டேஜ் பார்த்தால் பட்டன் செல் 3 வோல்ட் என்று பொய் சொல்லும். பேசுகிற அந்த 5 மில்லி செகண்டில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அப்போது 2.5-க்கு மேல் இருந்தால், சைக்கிளை எடுத்ததும் எல்.இ.டி. மூன்று தடவை சிமிட்டும். சிமிட்டாவிட்டால் நம்பாதே. "செல் போச்சு" என்று சொல்லக்கூட செல் வேண்டுமே, அதனால்தான் இப்படித் தலைகீழாக வைத்தோம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் அரை செகண்டுக்கு ஒரு தடவை பேசினால் ஒருத்தர் குரலும் கேட்காது. ஐரோப்பாவின் எட்சி தரத்தில் இதற்கு வழி இருக்கிறது. சேர்ந்து நடப்பவர்கள் ஒரு குழுவாகி, தலைவரின் கருவி மட்டும் பேசும், மற்றவை பேசாமல் இருந்து செல்லை மிச்சம் பிடிக்கும். ஆனால் குழுவில் சேர வேண்டுமானால் கொஞ்சமாவது கேட்க வேண்டும். திரும்பவும் அந்த 13.5 மில்லி ஆம்பியர்! நேரம் போதாமல் அதை நாங்கள் தொடவில்லை. நான்கு பெட்டியும் சர்க்யூட்டும் புராஜெக்ட் லேப் பீரோவில் இருக்கின்றன. அடுத்த செட் தம்பி தங்கைகள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். செல் மட்டும் உங்கள் செலவு.