பாலைவன நகரம்: பிழைப்புக்கா, முதுமைக்கா?

மும்பையிலும் தானேயிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் நடுவே நான் ஊழியஞ்செய்துவரும் இந்த ஆண்டுகளில், ஒரு கேள்வியை எண்ணற்ற முறை கேட்டிருக்கிறேன்: "பாஸ்டர், துபாய்க்குப் போகலாமா?" அண்மைக் காலமாக அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "பாஸ்டர், அங்கேயே தங்கிவிடலாமா?" இரண்டும் ஒரே நகரத்தைப் பற்றியவை. ஆனால் இரண்டிற்கும் ஒரே பதில் இல்லை.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். துபாய் வேலை கொடுக்கும் நகரம் என்பதில் ஐயமில்லை. ஒருகாலத்தில் அங்கே முத்துக்குளிப்பே பிழைப்பு. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துக்கள் சந்தையை நிரப்ப, அத்தொழில் நலிந்தது. 1966ஆம் ஆண்டு எண்ணெய் கண்டறியப்பட்டது. அது என்றும் நிலைக்காது என்பதை உணர்ந்த ஆட்சியாளர்கள் துறைமுகத்தையும் விமானப் போக்குவரத்தையும் வணிகத்தையும் வளர்த்தார்கள். 1979இல் ஜெபல் அலி துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அந்நகரில் வாழ்வோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டவர். தனிமனிதரின் சம்பளத்திற்கு வருமான வரியும் இல்லை.

ஆயினும், அந்த வேலை எதன்மேல் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலோருக்கு அங்கே தங்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால், குறித்த காலத்திற்குள் வேறு வேலை தேடவேண்டும், இல்லையேல் புறப்படவேண்டும். 2009ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியிலும், 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலும் எத்தனையோ பேர் பெட்டியோடு திரும்பினதை நாம் கண்டோம். 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நல்லதே. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவிகிதத்தை, அதிகபட்சம் மூன்று மாதங்களுக்கே தருகிறது.

இனி இரண்டாவது கேள்வி. 2020ஆம் ஆண்டு துபாய் ஓய்வுபெற்றோருக்கென்று தனி விசாவை அறிவித்தது. 55 வயது நிறைந்தவர் ஐந்து ஆண்டுகளுக்கு அதைப் பெற்று, பின் புதுப்பித்துக்கொள்ளலாம். பத்து லட்சம் திர்ஹாம் சேமிப்போ, அவ்வளவு மதிப்புள்ள சொந்த வீடோ, அல்லது உயர்ந்த நிலையான மாத வருமானமோ இருக்கவேண்டும். பத்து லட்சம் திர்ஹாம் என்பது நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கும் மேல்.

கல்யாணில் வசிக்கும் ஒரு சகோதரி சென்ற ஆண்டு என்னிடம் வந்தார்கள். கணவருக்கு வயது 57. துபாயில் ஒரு கிடங்கில் 24 ஆண்டுகளாகப் பொருட்கணக்குப் பார்க்கிறார். இங்குள்ள வீட்டை விற்று, கையிருப்பையும் பணிக்கொடையையும் சேர்த்து, அங்கே வீடு வாங்கித் தங்கலாம் என்பது அவருடைய எண்ணம். மகனோ பொறியியல் முடித்துவிட்டு, சுற்றுலா விசாவிலாவது போய் வேலை தேடுகிறேன் என்கிறான். "ஐயா, அவர் வருவதா, நாங்கள் போவதா?" என்று கேட்டார்கள்.

ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டோம். அந்நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசின் ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடை மட்டுமே உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம். அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள். இவர் வாங்குவது அடிப்படைச் சம்பளமாக 3,000 திர்ஹாம். 24 ஆண்டுகளுக்கு 675 நாட்கள். ஆக 67,500 திர்ஹாம். நம் பணத்தில் ஏறத்தாழ 16 லட்சம் ரூபாய். தேவைப்படும் தொகையில் இது பதினைந்தில் ஒரு பங்குதான். வீட்டை விற்றாலும் பாதியை எட்டாது.

அன்றிரவு அந்தச் சகோதரரோடு தொலைபேசியில் பேசினேன். கணக்கை அவர் மறுக்கவில்லை. சிறிது மௌனத்திற்குப்பின், "பாஸ்டர், கல்யாணில் எனக்கு யாரைத் தெரியும்? ரேஷன் கடைக்கு வழிகூடத் தெரியாது. என் சிநேகிதர் எல்லாரும் இந்த அறையில்தான் இருக்கிறார்கள்" என்றார். பிரியமானவர்களே, உண்மையான பாரம் அங்கேதான் இருந்தது. அவரை இழுத்தது அந்நகரமல்ல. தன் சொந்த வீட்டிலே அந்நியனாகிவிடுவோமோ என்கிற பயம்.

2019 பிப்ரவரியில் அங்கே ஒரு வாரம் தங்கி ஊழியஞ்செய்தேன். மாலையில் இதமான காற்று, ஒழுங்கான சாலைகள், பயமின்றி நடமாடும் பெண்கள். முதியோருக்கு ஏற்ற இடமென்றே தோன்றும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் 40 பாகையைத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலைவாங்கவே சட்டம் தடைசெய்கிறது. வயதோடு மருத்துவக் காப்பீட்டின் செலவும் ஏறுகிறது. பணமுள்ள முதியவரை அந்நகரம் உபசரிக்கும். உழைத்துத் தேய்ந்தவரை அது உபசரிப்பதில்லை.

யாக்கோபை நினைத்துப் பாருங்கள். பஞ்சகாலத்தில் எகிப்து அவனைப் போஷித்தது. அங்கே 17 ஆண்டுகள் வாழ்ந்தான். ஆயினும் தன்னை அங்கே அடக்கம்பண்ணாதபடிக்கு யோசேப்பிடம் ஆணை வாங்கினான். போஷித்த தேசத்திற்கு நன்றி செலுத்துவது வேறு. அதையே முடிவிடமாக எண்ணுவது வேறு.

ஆகவே வாலிபரே, போகத் தடையில்லை. ஆனால் சுற்றுலா விசாவில் வேலை தேடிப் போகாதீர்கள். எழுதப்பட்ட வேலை ஒப்பந்தத்தோடு போங்கள். ஆள்சேர்க்கும் முகவர் இந்திய அரசிடம் பதிவுபெற்றவரா என்று பாருங்கள். 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர, அவர் சேவைக்கட்டணம் வாங்கக்கூடாது. அங்கே இருக்கும் நடுவயதினரே, உங்கள் ஓய்வூதியத்தை நீங்களே உண்டாக்கவேண்டும். வெளிநாடுவாழ் இந்தியரும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம்; முதல் சம்பளத்திலேயே தொடங்குங்கள். விடுமுறையில் வரும்போது கடைவீதிகளில் மட்டும் நேரத்தைச் செலவிடாமல், அக்கம்பக்கத்தாரை அறிந்துகொள்ளுங்கள்.

சபையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பிவருகிறவரிடம் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேளாதிருங்கள். அவரை வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். மாலை நடைக்குக் கூப்பிடுங்கள். கல்யாண் வீடு விற்கப்படவில்லை. மகன் இங்கேயே இரண்டாண்டு அனுபவம் பெற ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறான். ஒப்பந்தம் முடிந்ததும் தகப்பன் வருகிறார். அவருக்கு ரேஷன் கடை வழியைக் காட்ட, அதே தெருவில் வசிக்கும் மூத்த சகோதரர் இருவர் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.