ராஜபாளையத்து வெள்ளைக் காவலர்கள்

தமிழ்நாட்டில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஏதாவது ஒரு பண்டம் நினைவுக்கு வருவது வழக்கம். திருநெல்வேலி என்றால் அல்வா. மணப்பாறை என்றால் முறுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால், ஆண்டாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும் பக்தர்கள்கூடப் பால்கோவாவைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். அந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது ராஜபாளையம். அதன் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது தின்னும் பண்டம் அன்று, ஒரு நாய்!

ஊருக்கு வேறு பெருமைகள் இல்லாமல் இல்லை. 1936-ஆம் வருஷத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூல் ஆலை இங்கே இருக்கிறது. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் கட்டுத்துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயங்களை மூடுகிறது. 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக விளங்கிய குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். தாம் வசித்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட பெருந்தகை. கோடைக்காலத்தில் வந்தால் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்னும் மாம்பழங்களின் வாசனை கடைவீதியெங்கும் கமழும். இத்தனை இருந்தும், வெளியூர்க்காரர் ரயிலைவிட்டு இறங்கியதும் கேட்கும் கேள்வி, "நல்ல நாய்க்குட்டி எங்கே கிடைக்கும்?" என்பதுதான்.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால், விருதுநகரைத் தாண்டிச் சிவகாசி வழியாக வண்டி மேற்கே திரும்புகிறது. கரிசல் பூமி மெல்ல மெல்ல மாறித் தென்னந்தோப்புகள் தலைகாட்டுகின்றன. அப்புறம் வலப்பக்கத்து ஜன்னல் முழுவதையும் மேற்குத் தொடர்ச்சி மலை அடைத்துக்கொள்கிறது. அந்த மலைக்காடு, 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் காடு. மறு பக்கம் பயிர் செய்த நிலம். இரண்டுக்கும் நடுவே தோப்புகள். இந்த இடத்தில் மனிதனுக்குக் காவலுக்கு ஒரு துணை தேவைப்பட்டதில் வியப்பில்லை.

பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. விஜயநகரத்தின் தொடர்பால் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜாக்களின் பாளையம் என்பதால் ராஜபாளையம். இன்றைக்கும் அவர்கள் வீடுகளில் தெலுங்கு பேசப்படுகிறது. பாளையக்காரர்களின் வேட்டைக்கும் காவலுக்கும் உரிய நாய் என்பதால், ஆங்கிலேயர் தங்கள் புத்தகங்களில் இதனைப் 'பாலிகார்' நாய் என்று எழுதிவைத்தார்கள். காட்டுப் பன்றியைத் துரத்தி மடக்குவது இதன் முக்கியத் தொழில். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைத் தொழில் போயிற்று. காவல் தொழில் நிலைத்தது. வேட்டைக்காரனின் கால்களும் காவற்காரனின் மனமும் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பதை நாம் மறக்கக் கூடாது. இந்த நாயை வளர்ப்போருக்கு நேரும் சங்கடங்களில் பாதி, அதை மறந்துவிடுவதால் வருகின்றவையே.

பார்வைக்கு இது ஒரு கம்பீரமான பிராணி. நிற்கும்போது தோள் உயரம் சுமார் 26 முதல் 30 அங்குலம். பால் போன்ற வெண்மை. ரோஜா நிறத்து மூக்கு. பொன்னிறம் கலந்த கண்கள். மார்பு ஆழ்ந்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், மெல்லிய வால் நுனியில் சற்றே வளைந்திருக்கும். காண்போரிடம் எல்லாம் வாலைக் குழைத்துச் சிநேகம் கொண்டாடும் வழக்கம் இதற்கு இல்லை. வீட்டில் ஒருவரைத் தன் யஜமானர் என்று வரித்துக்கொள்ளும். மற்றவர்களை அவருடைய மனிதர்கள் என்று ஏற்றுக்கொள்ளும். அதற்கு அப்பால் உள்ள உலகத்தைச் சந்தேகத்துடன்தான் நோக்கும்.

மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்கு நாம் போயிருந்தோம். வேலிப் படலுக்கு உட்புறத்தில் இரண்டு நாய்கள் நின்றன. குரைக்கவில்லை, நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தன. குரைத்திருந்தால் நமக்குச் சற்றுத் தைரியமாக இருந்திருக்கும். தோப்புக்காரப் பெரியவர் வந்து, "கையை நீட்ட வேண்டாம், கண்ணுக்கு நேரே பார்க்கவும் வேண்டாம். பேசாமல் என்னோடு வாருங்கள்" என்றார். நம் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு உள்ளே அழைத்துச் சென்றார். பெரிய நாய் அருகில் வந்து வேஷ்டியை முகர்ந்தது. பெரியவரின் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு போய் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டது. வந்த வழியும் அதுதான், திரும்பிப் போகும் வழியும் அதுதான் என்பதை நாம் கவனித்தோம். அதுவும் கவனித்திருந்தது!

"ரொம்பப் பிடிவாதமான ஜாதி என்கிறார்களே?" என்று கேட்டோம்.

பெரியவர் சிரித்தார். "இருட்டிலே, நான் தூங்கும்போது, யாரைத் தடுக்கிறது, யாரை விடுகிறது என்று அதுதானே முடிவு செய்ய வேண்டும்? என்னைக் கேட்டுக்கொண்டா செய்யும்? ராத்திரி முழுதும் சொந்த புத்தியை உபயோகிக்கிற பிராணி, விடிந்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிடுமா, ஐயா?" என்றார்.

இந்த நாயைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் இந்தப் பதிலில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. பிடிவாதம் வேறு, விசுவாசம் வேறு என்று நாம் எண்ணுகிறோம். பிடிவாதத்தை அடித்து விரட்டிவிட்டு விசுவாசத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் முயலுகிறார்கள். ஆனால் அவை இரண்டும் ஒரே குணத்தின் இரு முகங்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் நாய், சுவரேறி வரும் திருடன் சொன்னாலும் தலையாட்டக்கூடும் அல்லவா?

ஆகவே இங்கே பழக்குகிறவர்கள் அடிப்பதில்லை. அடிபட்ட நாய் இரண்டில் ஒன்றாகிவிடும்: கோழையாகும், அல்லது கடிக்கும். அவர்களுடைய முறை பொறுமையை மூலதனமாகக் கொண்டது. குட்டியைத் தாயிடமிருந்து இரண்டு மாதத்துக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து மூன்றரை மாதம் வரையில் குட்டியின் மனம் பச்சை மண்ணைப்போல் இருக்கிறது. குழந்தைகள், கிழவர்கள், குடை பிடித்தவர்கள், சைக்கிளில் வருகிறவர்கள், மாடு, கோழி, இடியோசை எல்லாவற்றையும் அந்தக் காலத்திலேயே பயமின்றி அறிமுகப்படுத்திவிட வேண்டும். அப்போது காணாததைப் பின்னால் கண்டால், பகையாகவே கொள்ளும்.

பாடங்கள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகலாகாது. 'வா' என்றதும் வந்தால் கையில் ஒரு துண்டு இறைச்சி. வராவிட்டால் தண்டனை இல்லை, இறைச்சியும் இல்லை. ஒரே சொல்லைப் பத்துத் தடவை கத்தினால், பத்தாவது தடவைக்குத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும். வீட்டில் ஒருவர் திண்ணையில் ஏறாதே என்று அதட்ட, மற்றொருவர் திண்ணையிலேயே சோறு வைத்தால், தவறு நாயினுடையது அன்று. முயலோ ஆடோ கண்ணெதிரே ஓடினால், வேட்டைக்காரனின் கால்கள் விழித்துக்கொள்ளும். அந்த வேகத்தில் யஜமானர் குரல் காதில் ஏறாது. ஆகையால் எத்தனை நன்றாகப் பழகிய நாயானாலும், வேலியில்லாத இடத்தில் கயிற்றோடுதான் நடத்திச் செல்ல வேண்டும். வெறிநோய்த் தடுப்பு ஊசியை மூன்றாம் மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்குப்படி தவறாமல் போட்டுவர வேண்டும்.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு மோட்டார் வந்து நின்றது. நகரத்திலிருந்து இளந்தம்பதிகள் குட்டி வாங்க வந்திருந்தார்கள். "ஐயா, ஒரு புள்ளிகூட இல்லாமல் சுத்த வெள்ளையாக வேண்டும்" என்றார் கணவர்.

"குட்டி இருக்கட்டும், தம்பி. வீடு எப்படி?"

"மூன்றாவது மாடி, ஐயா. பால்கனி இருக்கிறது."

"பகலில் வீட்டிலே யார் இருப்பார்கள், அம்மா?"

"இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், ஐயா. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துவிடுவோம்" என்றார் மனைவி.

பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே இருந்து மோர் வரவழைத்து இருவருக்கும் கொடுத்தார். "காலையும் மாலையும் ஓட்டம் இல்லாவிட்டால் இது கதவைப் பிய்க்கும். ஆள் இல்லாவிட்டால் குரைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பால்கனியில் சங்கிலி போட்டுக் கட்டுவீர்கள். ஆறு மாதத்தில் கடிக்கிற நாய் என்று பெயர் வாங்கும். அப்புறம் யாராவது அதை ராத்திரி வேளையில் ஏதாவது ரஸ்தாவில் இறக்கிவிட்டுப் போவார்கள். வேண்டாம், அம்மா. தோட்டம் துரவு வாங்கின பிறகு வாருங்கள், நானே நல்ல குட்டியாகப் பார்த்துத் தருகிறேன்" என்றார். வந்தவர்களின் முகம் வாடியது. பணத்தை வேண்டாம் என்று சொன்னவரின் முகமும் மலர்ச்சியாக இல்லை. தீனிச் செலவு அவருக்கும் இருக்கிறது. குட்டி விற்றால்தான் அதைச் சரிக்கட்ட முடியும்.

அவர்கள் போன பிறகு, அந்தச் 'சுத்த வெள்ளை'யைப் பற்றிக் கேட்டோம். அவர் எழுந்து போய் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து, தூங்கிக்கொண்டிருந்த குட்டிகளின் பின்னால் தட்டினார். நான்கு குட்டிகள் துள்ளி எழுந்தன. ஐந்தாவது நிம்மதியாகத் தூங்கிற்று. எல்லாவற்றிலும் வெண்மையானது அதுதான்!

காரணத்தை விஞ்ஞானம் சொல்லியிருக்கிறது. நிறம் கொடுக்கும் நுண்ணணுக்கள் தோலுக்கு மட்டுமல்லாமல், காதின் உட்பாகத்துக்கும் தேவை. அங்கே அவை இல்லாமற்போனால், ஒலியை வாங்கும் மெல்லிய அணுக்கள் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே அழிந்துவிடுகின்றன. டால்மேஷியன் என்னும் புள்ளி நாயிடமும் இதே குறை உண்டு. தலைமுறை தலைமுறையாக வெள்ளைக் குட்டிகளையே பொறுக்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்த்து வந்தால் இந்தக் குறை பெருகத்தானே செய்யும்? ஒரு காது மட்டும் கேளாத குட்டி தாம்பாளச் சோதனையில் தப்பிவிடும். மூளையின் மின் அசைவை அளக்கும் கருவிதான் அதைக் காட்டிக்கொடுக்கும். வாங்குகிறவர்கள் நிறத்தைக் கேட்பதை விட்டுவிட்டுக் காதைக் கேட்கத் தொடங்கினால், விற்கிறவர்களும் மாறிவிடுவார்கள்.

தோப்பில் வளர்ந்த நாய் ஒன்றும் பிறவிச் செவிடு. பெரியவர் அதைக் கையசைவினாலேயே பழக்கியிருந்தார். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்காரும்; மார்பில் தட்டிக்கொண்டால் ஓடிவரும். தூங்கும்போது அதைத் திடுக்கிடும்படி தொடக் கூடாது என்று தரையைக் காலால் லேசாகத் தட்டி எழுப்பினார். இரவில் அது அவருடைய கயிற்றுக் கட்டிலின் காலோடு முதுகை ஒட்டவைத்துக்கொண்டு படுக்குமாம். அவர் எழுந்தால் கட்டில் அசையும். கட்டில் அசைந்தால் அதற்குத் தெரியும். காது இல்லாவிட்டாலும் காவலை விட்டுக்கொடுக்க அதற்கு மனமில்லை.

நம் நாட்டு நாய்களுக்கு இப்போது நல்ல காலம் பிறந்திருப்பதாகச் சொல்லுகிறார்கள். 2005-ஆம் வருஷம் ஜனவரியில் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி தம் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். சீமை நாய்க்கு மெத்தையும் சொந்த நாட்டு நாய்க்குக் கல்லடியும் என்றிருந்த மனப்பான்மை மாறுவது நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சுதேசி அபிமானம் என்பது தறித் துணிக்குப் போதுமானதாக இருக்கலாம். உயிருள்ள பிராணிக்குப் போதாது. துணியை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் அது துணியாகவே இருக்கும். நாயைப் பூட்டி வைத்தால் அது நாயாக இராது.

ஆகவே, ராஜபாளையத்துக்குப் போகும் நேயர்கள் அவசியம் தோப்புகளைப் பார்க்கட்டும். அய்யனார் கோயில் அருவியில் குளிக்கட்டும். மாம்பழக் கூடையும் வாங்கிவரட்டும். நாய்க்குட்டி வாங்க விரும்புகிறவர்கள் மட்டும், தங்களிடம் பணம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு முன்னால், இடம் எவ்வளவு இருக்கிறது, நேரம் எவ்வளவு இருக்கிறது, பொறுமை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் உள்ள வீட்டுக்கு இந்த வெள்ளைக் காவலன் வந்தால், அந்த வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் காலையில் எழுந்து அதைக் கூப்பிட்டதும் உடனே வரவேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கலாகாது. சற்று யோசித்துவிட்டுத்தான் வரும்.