எட்டாம் நம்பர் இல்லை, மேடம்!

நல்ல வரன் கிடைப்பது கஷ்டம் என்பார்கள். என் சித்தி மகள் கோமதிக்கு வரன் சுலபமாகக் கிடைத்துவிட்டது. செருப்புத்தான் கிடைக்கவில்லை!

கோமதி ஐந்தடி பத்து அங்குலம். ஆளுக்குத் தகுந்த பாதம், எட்டாம் நம்பர். கல்யாண வரவேற்புக்கு, குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

"இருக்கிற உயரம் போதாதாடி?" என்றாள் சித்தி.

"உயரத்துக்காக இல்லை, அம்மா. ஒரு நாளாவது பெண்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்!"

காலேஜ் நாளிலிருந்தே அவள் ஆண்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு, புடவைக் கரையால் அதை மறைத்து வருகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அண்ணா சாலையிலும் தியாகராய நகரிலுமாக ஏழு கடை ஏறி இறங்கினோம். ஏழாவது கடைப் பையன் மிகவும் மரியாதையாகச் சொன்னான்: "லேடீஸில் எட்டாம் நம்பர் இல்லை, மேடம். ஜென்ட்ஸ் செக்ஷன் மாடியில் இருக்கிறது." கோமதி சிரித்தாள். ஆனால், ஆட்டோவில் ஏறியதும் கால்கள் இரண்டையும் இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"செருப்பு பிறக்கிற ஊருக்கே போய்ப் பார்ப்போம், வா!" என்றேன்.

சென்னையிலிருந்து சுமார் 180 கிலோ மீட்டர் ஆம்பூர். காட்பாடி, குடியாத்தம் தாண்டியதும் மலைகள் கூடவே வருகின்றன. ஆம்பூர் என்றதும் பிரியாணி நினைவுக்கு வராதவர் உண்டா? ஆனால், ஊருக்குச் சோறு போடுவது தோல். பதனிட்ட தோல், கைப்பை, ஜோடு என்று இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகாத நாளில்லை. அதற்கு ஊர் கொடுத்த விலையும் உண்டு. கழிவு கலந்து கெட்ட பாலாற்றுக்காக 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. காலையில் தொழிற்சாலை பஸ்களிலிருந்து பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்த்தோம். ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஜோடுகளைத் தைப்பவர்கள் இவர்கள்தான்.

ஏற்றுமதித் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் உழைத்துவிட்டு, இப்போது சிறு பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் எங்களை அனுப்பினார்கள். கோமதி தயங்கித் தயங்கிக் காலை நீட்டினாள். பெரியவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நல்ல கால்தானே, அம்மா! எதற்கு ஒளிக்கிறாய்?" என்றார்.

"பின்னே ஏன், பாய், கடையில் கிடைப்பதில்லை?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கால் அச்சை எடுத்துக் காட்டினார். "இதை 'லாஸ்ட்' என்போம். ஒவ்வொரு நம்பருக்கும் தனி அச்சு. தோல் வெட்டத் தனிக் கத்தி. தட்டைச் செருப்பானால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கால் பொறுத்துக்கொள்ளும். குதிகால் உயர்ந்தால் உடம்புப் பாரம் முன்பாதத்துக்கு வந்துவிடும். உள்ளே வைக்கிற எஃகுப் பட்டையின் வளைவும், குதிகாலின் சாய்வும் அந்தக் காலின் நீளத்துக்கே பொருந்த வேண்டும். ஆறாம் நம்பரை இழுத்து எட்டாக்க முடியாது. நாலும் ஐந்தும் ஆறும் சீக்கிரம் விற்கும். எட்டு, அலமாரியில் தூங்கும். கடைக்காரர் வாங்க மாட்டார். 'யாரும் கேட்பதில்லை' என்பார்."

கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் மாடிக்குப் போய்விட்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"வெளிநாட்டுக்கு மட்டும்?"

"அங்கே 42-ம் ஆர்டரில் வரும். அவர்கள் கணக்கில் ஒரு நம்பருக்கு முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கிலீஷ் கணக்கில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 42 என்றால் ஏறக்குறைய நம் எட்டு."

மூலையிலிருந்து ஒரு மாதிரி ஜோடியைத் தூசி தட்டிக் கொடுத்தார். நீளம் கச்சிதம். ஆனால், இரண்டடி வைப்பதற்குள் கோமதி, "சுண்டு விரல் நசுங்குகிறது, அக்கா!" என்றாள்.

பெரியவருக்கு ஆச்சரியமே இல்லை. அவர்கள் பாதம் ஒடுக்கம், நம்முடையது அகலம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021-22-ல் நாடெங்கும் 79 இடங்களில் லட்சம் பேருக்குமேல் பாதம் அளந்து கண்ட முடிவும் இதுவே. வெள்ளைக்காரன் விட்டுப்போன நம்பரை விட்டு, நமக்கென்று தனி அளவு வேண்டும் என்று அவர்கள் சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

தொழிற்சாலை கழித்துப் போட்ட 42-ம் நம்பர் பெண்கள் அச்சு ஒன்று பெரியவரிடம் இருந்தது. அதன் இருபக்கமும் தோல் துண்டு ஒட்டி, அகலமாக்கி, இரண்டு வாரத்தில் ஜோடியை முடித்துவிட்டார். கோமதி போட்டுக்கொண்டு பட்டறை வாசல் வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். புடவைக் கரையை இரண்டங்குலம் தூக்கியே பிடித்திருந்தாள்!

கிளம்பும்போது, "அச்சில் ஒட்டியதைப் பிரித்துவிடுவீர்களா?" என்று அவள் கேட்டாள்.

பெரியவர் அச்சின்மேல் பேனாவால் பெரிதாக '8' என்று எழுதி, ஆணியில் மாட்டினார்.

"எதற்குப் பிரிக்க வேண்டும்? நீ ஒருத்திதானா எட்டாம் நம்பர்? அடுத்தவள் வந்தால் இரண்டு வாரம் காக்க வேண்டாம், பார்!" என்றார்.