பசுமைக் கட்டடமும் நானும்

"கட்டடம் கட்டுவதற்குப் படிப்பு உண்டு, சரி. கட்டியதைக் கட்டிக் காப்பதற்கும் ஒரு படிப்பா?" என்று ஊரிலிருந்து பாட்டனார் தொலைபேசியில் கேட்டார். கோடை விடுமுறை இரண்டு மாதமும் வீட்டுக்கு வராமல், தில்லியிலேயே ஒரு கட்டடப் பராமரிப்புக் கம்பெனியில் பயிற்சி பெறப் போகிறேன் என்று சொன்னதன் விளைவு அது. அப்போது அவருக்குச் சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் இத்தகைய கம்பெனிகள் காவற்காரரையும் பெருக்குவோரையும் அனுப்பி, தலைக்கு இவ்வளவு என்று மாதப் பணம் வாங்கிக்கொண்டிருந்தன. இப்போது அவை விற்கும் சரக்கின் பெயர் பசுமை. கழிவுநீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்கும் குளிர்விக்கும் கோபுரத்துக்கும் திருப்பிவிடுவது, சமையற்கூடக் குப்பையை உரமாக்குவது, மூக்கைத் துளைக்காத திரவங்களால் தரை துடைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மின்சாரக் கட்டணத்தைக் குறைப்பது என்று பட்டியல் நீளமானது. இந்த வியாபாரம் திடீரென்று முளைத்ததல்ல. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. ஐதராபாதில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு அமைத்த பசுமை வணிக மையம் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகப் 'பிளாட்டினம்' தரம் பெற்ற கட்டடம். 2004இல் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். பெரிய வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 2007இல் வெளியாயிற்று. தில்லியிலேயே ஜோர்பாக்கில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பரியாவரண் பவன், கூரை நிறையச் சூரியத் தகடுகளோடு, 2014இலிருந்து நிற்கிறது. ஆனால் வாசலில் தரப் பலகையை மாட்டியதும் காரியம் முடிந்துவிடுவதில்லை. குழந்தை பிறந்தது ஒரு நாள். வளர்ப்பது எத்தனை நாள்! அந்த வளர்ப்புக் கூலிதான் இன்றைய சந்தை.

நான் போய்ச் சேர்ந்த அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்தம் விசித்திரமானது. கம்பெனி தன் கைப்பணத்தைப் போட்டு இயந்திரங்களைச் சீர்செய்யும். மின்கட்டணத்தில் எவ்வளவு மிச்சமாகிறதோ அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இல்லையேல் வரும்படியும் இல்லை. கேட்ட மாத்திரத்தில், இதைவிட நியாயமான வியாபாரம் உலகில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

நிலவறையில் குளிர்விப்பு இயந்திரங்களைக் கவனித்து வந்தவர் பீகாரைச் சேர்ந்த ஒரு முதியவர். எல்லோருக்கும் அவர் 'சாச்சா'. என் இந்தியைக் கேட்டு முதல் வாரம் முழுவதும் சிரித்தார். இரண்டாவது வாரம் வேலை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். குளிர்ந்த நீரை ஆண்டு முழுவதும் 7 டிகிரியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "அதை 9 ஆக்கினால் யாருக்கும் வியர்க்காது, பேட்டா" என்றார். ஒரு டிகிரி கூட்டினால் இயந்திரம் தின்னும் மின்சாரம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறையும் என்று என் பாடப்புத்தகமும் சொல்லிற்று. பம்பின் வேகத்தை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வகுப்பில் கணக்காகப் போட்டுத் தூங்கிய விஷயம், மீட்டரில் கண்ணெதிரே இறங்கியபோது ஏற்பட்ட குதூகலத்தை என்னவென்று சொல்வேன்!

ஆயினும் மிச்சம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. ஏன் என்பது மூன்றாவது மாடியில் விளங்கிற்று. பகல் மூன்று மணிக்கு அங்கே பாதிப்பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் தலைவலித் தைலம் தடவிக்கொண்டிருந்தார். சர்க்கார் அலுவலகம் அல்லவே, இது ஏன் என்று யோசித்தேன். (சர்க்கார் அன்பர்கள் மன்னிக்க.) சாச்சா என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், வெளிக்காற்று உள்ளே வரும் டாம்பரைக் காட்டினார். நம் ஊர் வாய்க்கால் மடை போன்றதுதான், நீருக்குப் பதில் காற்று. அது இறுக மூடியிருந்தது. ஜூன் மாதத்துத் தில்லிக் காற்றை உள்ளே இழுத்துக் குளிர்விப்பது பெருஞ்செலவு. மடையை மூடினால் செலவு இல்லை. மேலிடத்து உத்தரவு என்றார்.

பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு கரியமிலவாயு அளவியை இரவல் வாங்கினேன். வெளியில் பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கும் வாயு, மூன்றாவது மாடியில் 1,900 காட்டிற்று. அது விஷமாகும் அளவல்ல. பலர் விட்ட மூச்சையே பலரும் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். மடையைத் திறக்கும்படி சாச்சாவிடம் நான்தான் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்; பிறகு கால்வாசி திறந்தார். மறுநாள் அளவி ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. தைலத்தின் வாசனையும் இல்லை. மின்சார யூனிட்டுகள் மட்டும் ஏறின.

வார முடிவில் கம்பெனி அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், எனக்குப் பலமுறை சமோசா வாங்கித் தந்திருக்கிறார். "மடையை யார் திறந்தது?" என்று கேட்டார். என் சட்டைப் பையில் அளவி இருந்தது. குறித்து வைத்த எண்களும் இருந்தன. ஆனால் பயிற்சிச் சான்றிதழில் அவருடைய கையெழுத்து இன்னும் விழவில்லை. நான் லாக்புக்கின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"நான்தான் திறந்தேன், சாப்" என்றார் சாச்சா.

பத்தாம் நாள் அவரைக் குருகிராமில் வேறொரு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மடை மறுபடி மூடியது. என் அறிக்கையில் மிச்சக் கணக்கு அழகாக வந்தது, சான்றிதழும் கிடைத்தது. அந்த 1,900 என்ற எண்ணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடமாகப் பார்த்து, ஒரு வரியில் சேர்த்தேன். அதையும் யோசித்து யோசித்துத்தான் சேர்த்தேன்.

தீபாவளிக்கு அவருடன் தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் கூப்பிட்டேன். அவரோ என் பரீட்சையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். புதிய இடம் ஆஸ்பத்திரியாம்; அங்கே மடையை மூட முடியாதாம். அலுவலகப் பகுதிக்குப் போகும் நீரை மட்டும் 7இலிருந்து 9க்குக் கொண்டுவந்துவிட்டாராம். "மீட்டரைப் பார்க்க ஒரு நாள் வா" என்றார். போக வேண்டும்.